பின் டயர் மட்டும் தேய்ந்தால்?

கேள்வி: என் பி.எம்.டபிள்யூ. 3 சீரிஸ் செடானில் முன்னால் 225/45 ஆர்18, பின்னால் 255/40 ஆர்18 ரன்ஃப்ளாட் டயர்கள். பின் டயர்கள் உள்விளிம்பில் மட்டும் தேய்ந்துவிட்டன. குலுங்கலும் அதிகம். சாதாரண டயருக்கு மாறலாமா?
– வாசகர், அண்ணா நகர்

பதில்: மாறலாம், ஆனால் நான்கையும் சேர்த்து மாற்றுங்கள். பஞ்சரானாலும் சிறிது தூரம் ஓடக்கூடிய ரன்ஃப்ளாட்டின் பக்கச்சுவர் மிக விறைப்பானது. முன்னால் ஒரு வகை, பின்னால் வேறு வகை என்றால் வேகமாகத் திரும்பும்போது வண்டி எப்படி நடந்துகொள்ளும் என்று சொல்ல முடியாது. முன் டயர்கள் நன்றாக இருந்தால், பின்னால் மட்டும் அதே மாடல் ரன்ஃப்ளாட் போடுவதே சரி.

உள்விளிம்புத் தேய்மானத்தை அலட்சியப்படுத்தாதீர்கள். டோ (சக்கரம் உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் கோணம்), கேம்பர் (சக்கரம் பக்கவாட்டில் சாய்ந்திருக்கும் கோணம்) இரண்டையும் சரிபார்த்து, சஸ்பென்ஷனின் ரப்பர் புஷ்களையும் பார்க்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் புது டயரும் அப்படியே போகும். முன், பின் அளவு வேறு என்பதால் இடம் மாற்றிப் போட்டும் சமாளிக்க முடியாது.

அளவு மட்டும் பொருந்தினால் போதாது. 225/45 ஆர்18 அளவிலேயே 91 என்ற சுமை எண் உள்ள டயர் 615 கிலோ தாங்கும், 95 எக்ஸ்.எல். (கூடுதல் சுமை வகை) 690 கிலோ. பழைய டயரில் உள்ள சுமை எண்ணுக்குக் கீழே இறங்காதீர்கள். டயரின் பக்கச்சுவரில் உள்ள டாட் (DOT) குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்களையும் கடையிலேயே படியுங்கள்: 2325 என்றால் 2025-ன் 23-வது வாரத் தயாரிப்பு.

டயர் பள்ளத்தின் ஆழம் 1.6 மி.மீ. ஆகும் வரை காத்திருக்க வேண்டாம். ஐப்பசி மழையில் ஓ.எம்.ஆரில் தண்ணீர் நிற்கும்போது அகலமான டயர் சீக்கிரம் மிதக்கும், 3 மி.மீ.யிலேயே மாற்றிவிடுங்கள்.

ரன்ஃப்ளாட்டை விட்டால் பஞ்சர் சீலன்ட்டும் சிறிய கம்ப்ரஸரும் டிக்கியில் அவசியம். பக்கச்சுவர் கிழிந்தால் அவையும் உதவாது, இழுவை வண்டிதான்.