கையுறையைக் கழற்றிய பிறகு: கோல்காவலர் கேள்வி பதில்

செந்தூலிலிருந்து: அண்ணே, 33 வயசாச்சு. விளையாட்டை நிறுத்திட்டு கோல்காவலர் பயிற்றுநர் ஆகலாம்னு இருக்கேன். எங்க தொடங்குறது?

தம்பி, மலேசியக் காற்பந்துச் சங்கத்தின் டி பயிற்றுநர் உரிமம் முதல் படி. அடுத்து ஆசியக் காற்பந்துக் கூட்டமைப்பின் (ஏஎஃப்சி) சி உரிமம். கோல்காவலர் பயிற்சிக்கெனத் தனிச் சான்றிதழும் உண்டு. டி, சி வகுப்புகளில் ‘நமக்குக் கோல் மட்டும் போதுமே’ என்று ஒதுங்கிவிடாதீர்கள். தற்காப்பு வரிசை எங்கே நிற்கிறது என்று தெரியாதவர் காவலரை எங்கே நிறுத்துவார்?

செராஸிலிருந்து: கோச், பையன்களுக்குத் தொடர்ந்து 25 பந்து அடிக்கிறேன். கடைசிப் பத்து கையில நிக்கவே மாட்டேங்குது.

25 அதிகம். ஒரு சுற்றுக்கு 6 பந்து, பிறகு 60 முதல் 90 வினாடி ஓய்வு. இப்படி 4 சுற்று போதும். மூச்சு வாங்கும்போது பழகும் அசைவு தப்பாகவே உடம்பில் ஊறிவிடும்.

இன்னொன்று. விளையாடிவிட்டு வந்த பயிற்றுநர்களின் கண் கையிலேயே இருக்கும். கோல் பெரும்பாலும் காவலரின் கால் தவறுவதால்தான் விழுகிறது. உதைப்பவரின் கால் பந்தில் படும் கணத்தில் காவலரின் இரண்டு பாதமும் தரையில் இருக்க வேண்டும், எடை பாதத்தின் முன்பகுதியில். அந்த நேரத்தில் துள்ளிக்கொண்டிருந்தால், தரைக்கு வந்த பிறகுதான் உந்த முடியும். அதற்குள் பந்து தாண்டிவிடும். கைபேசியில் மெதுவோட்டத்தில் பிடித்து அந்த ஒரு கணத்தை நிறுத்திக் காட்டுங்கள். பத்து முறை கத்துவதைவிட அது பலன் தரும்.

பாதம் சரியான பிறகு கைக்கு வாருங்கள். நெஞ்சுக்கு மேல் வரும் பந்துக்கு இரண்டு கட்டைவிரலும் கிட்டத்தட்டத் தொடும் நெருக்கத்தில் பந்தின் பின்னால் இருக்க வேண்டும். விலகினால் பந்து நடுவில் புகுந்து முகத்தில் அடிக்கும்.

கெப்போங்கிலிருந்து: மகளுக்கு 9 வயசு சார். பாயச் சொன்னா பயப்படுறா.

நிற்கவைத்துப் பாயச் சொன்னால் யாருக்கும் பயம் வரும். முதலில் உட்கார்ந்தபடி பக்கவாட்டில் சாயட்டும், பிறகு முழங்காலில், பிறகு குந்தி, கடைசியாக நின்று. புல் ஈரமாக இருக்கும் நாளில் தொடங்குங்கள். நின்று விழும்போது காலின் வெளிப்பக்கம், தொடை, இடுப்பு, தோள் என்று வரிசையாகத் தரையைத் தொட வேண்டும். வயிறு குப்புற விழுவதும் முழங்கையை ஊன்றுவதும்தான் வலிக்குக் காரணம். பந்துக்குப் பின்னால் ஒரு கை, மேலே ஒரு கை, கீழே தரை. அவ்வளவுதான்.

பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து: ஆறுமுகத்தை ஏன் ஸ்பைடர்மேன்னு சொல்றாங்க?

நீண்ட கைகள், எட்டாத மூலைக்கும் எட்டும் பாய்ச்சல். சிலாங்கூருக்கும் நாட்டுக்கும் கோல் காத்தவர். 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெற்ற அணியில் இருந்தார். மலேசியா அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்ததால் அணி போகவில்லை. 1988-இல் சாலை விபத்தில் இறந்தார். கோல் காக்க வரும் நம் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் அவர் பெயர் தெரிந்திருக்க வேண்டும்.

செத்தாபாக்கிலிருந்து: கையுறை ரெண்டே மாசத்துல உரியுது.

உள்ளங்கையில் இருக்கும் ரப்பர் படலம், அதாவது லேடெக்ஸ், காய்ந்திருக்கும்போதே ஆடுகிறீர்கள். ஆடும் முன் உள்ளங்கையை நனையுங்கள். முடிந்ததும் வெதுவெதுப்பான நீரில் கழுவி, முறுக்காமல் அழுத்திப் பிழிந்து, நிழலில் உலர்த்துங்கள். நம் ஊர் வெயில் லேடெக்ஸை வெடிக்கவைக்கும். பைக்குள்ளேயே கிடந்தால் பூஞ்சை பிடிக்கும்.

அம்பாங்கிலிருந்து: எட்டு வினாடி விதி என்னங்க?

2025-இல் வந்தது. பந்தைக் கையில் 8 வினாடிக்கு மேல் வைத்திருந்தால் எதிரணிக்குக் கார்னர். கடைசி 5 வினாடியை நடுவர் கையை உயர்த்தி எண்ணுவார். பயிற்சியில் நீங்களும் அப்படியே எண்ணுங்கள்; நான்காம் வினாடிக்குள் யாருக்குப் பந்து என்று காவலர் முடிவெடுத்திருக்க வேண்டும்.