மானிட்டரிங் மெயில் அலர்ட்: கேட்டவையும் சொன்னவையும்

சர்வர்களையும் நெட்வொர்க்கையும் கண்காணிக்கும் ஜாபிக்ஸ் மென்பொருளில், அலர்ட் மெயில் அனுப்ப ஜிமெயில் கணக்கைப் போட்டேன் அண்ணா. பாஸ்வேர்டு சரிதான், ஆனாலும் லாகின் ஆகவில்லை.

பாஸ்வேர்டு சரியாக இருப்பதால் பயனில்லை தம்பி. வெறும் பாஸ்வேர்டோடு வெளி மென்பொருள் நுழைவதை கூகுள் 2022 மே மாதக் கடைசியில் நிறுத்தத் தொடங்கிவிட்டது. டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷனை ஆன் செய்து, வெளி மென்பொருளுக்கென்றே கூகுள் தரும் 16 எழுத்து ஆப் பாஸ்வேர்டு ஒன்றை எடுத்துப் போடுங்கள். மெயில் அனுப்பும் போர்ட் 587, என்கிரிப்ஷன் ஸ்டார்ட்-டிஎல்எஸ்.

போர்ட் 25 வழியாக மெயில் போகவே மாட்டேன் என்கிறதே?

ஸ்பேமுக்குப் பயந்து இன்டர்நெட் லைன் தரும் பல ஐஎஸ்பிகளும் கிளவுட்காரர்களும் அதை அடைத்து வைத்திருக்கிறார்கள். அதோடு மல்லுக்கட்ட வேண்டாம், 587-க்கு மாறிவிடுங்கள்.

நாகியோஸ் என்ற கண்காணிப்பு மென்பொருள் வைத்திருக்கிறேன் சார். மாடியில் ஒரு ஸ்விட்ச் படுத்தால் நாற்பது மெயில் வருகிறது. எது உண்மையான கோளாறு என்றே தெரிவதில்லை.

நாகியோஸுக்கு உங்கள் வயரிங் தெரியாது, நீங்கள்தான் சொல்ல வேண்டும். ஒவ்வொரு ஹோஸ்ட்டிலும் (கண்காணிக்கும் கருவியிலும்) ‘பேரன்ட்ஸ்’ என்ற வரியில் அது எந்த ஸ்விட்சுக்குக் கீழே இருக்கிறது என்று எழுதுங்கள். அப்புறம் ஸ்விட்ச் மட்டும் ‘டவுன்’ ஆகும், பின்னால் இருப்பவை ‘அன்ரீச்சபிள்’, அதாவது எட்ட முடியாதவை, ஆகும். நோட்டிஃபிகேஷன் ஆப்ஷன்ஸில் ‘யு’வை எடுத்துவிட்டால் அந்த அன்ரீச்சபிள் மெயில்கள் நின்றுவிடும். ஸ்விட்சுக்கான ஒரே மெயில் வரும். நூறு ஹோஸ்ட் இருந்தால் ஒரு மதியம் முழுக்கப் பிடிக்கும், சலிப்பான வேலைதான். ஆனால் இதைச் செய்யாதவர்கள் ஆறு மாதத்தில் அலர்ட் மெயிலையெல்லாம் தனி ஃபோல்டருக்குத் தள்ளிவிட்டுத் திறப்பதே இல்லை.

ஒரு பிங் (கருவி பதில் தருகிறதா என்ற சோதனை) தவறினாலே மெயில் வந்துவிடுகிறது.

‘மேக்ஸ் செக் அட்டெம்ப்ட்ஸ்’ 1 என்று இருக்கும், பாருங்கள். 3 அல்லது 4 ஆக்குங்கள். அத்தனை முறையும் தவறினால்தான் அது ‘ஹார்ட்’ நிலைக்குப் போகும், மெயிலும் அப்போதுதான் கிளம்பும்.

சிபியு 90 சதவீதத்தைத் தாண்டினால் மெயில் வேண்டுமா?

ராத்திரி இரண்டு மணிக்கு அதைப் பார்த்து எழுந்து என்ன செய்வீர்கள்? பதில் இல்லையென்றால் கிராஃபில் இருந்தால் போதும். டிஸ்க் நிறைவது வேறு விஷயம், அதற்குக் கண்டிப்பாக வையுங்கள். ஜாபிக்ஸ் என்றால் ரெக்கவரி எக்ஸ்பிரஷனும் சேருங்கள்: 90-ஐத் தாண்டினால் அலர்ட், 80-க்குக் கீழே வந்தால்தான் சரியானதாகக் கணக்கு. இல்லாவிட்டால் 89-க்கும் 91-க்கும் இடையே ஆடி உயிரை வாங்கும்.

இன்டர்நெட் லைன் போனபோது ஒரு மெயிலும் வரவில்லை. லைன் வந்தபிறகு மொத்தமாகக் கொட்டியது!

பாலம் உடைந்த செய்தியை அதே பாலத்தின் வழியாக அனுப்பியிருக்கிறீர்கள். சிம் போட்ட ஜிஎஸ்எம் மோடம் வைத்து எஸ்எம்எஸ் அனுப்பலாம். இல்லையென்றால் வெளியே ஒரு சின்ன விபிஎஸ் (வாடகை மெய்நிகர் சர்வர்) எடுத்து, அங்கிருந்து உங்கள் லைனைப் பிங் செய்யுங்கள். நான் இரண்டாவதைத்தான் சொல்வேன், மானிட்டரிங் சர்வரே படுத்தாலும் அது காட்டிக்கொடுக்கும். ஒருமுறை என் மானிட்டரிங் சர்வரில் டிஸ்க் நிறைந்து மூன்று நாள் மெயிலே இல்லை. எல்லாம் நன்றாக ஓடுகிறது என்று நிம்மதியாக இருந்தேன்!