மாற்று வரலாற்றுக் கதையில் வரும் கற்பனை நாட்டுக்குக் கொடி வடிவமைப்பது எப்படி?

மாற்று வரலாற்றுக் கதை ஒன்று எழுதுகிறீர்கள், அதில் வரும் நாட்டுக்கு ஒரு கொடி வேண்டும், பார்த்தால் நிஜ நாட்டின் கொடி என்றே தோன்ற வேண்டும், எங்கே தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

படம் வரைவதில் தொடங்காதீர்கள். அந்தக் கொடிக்கு என்னென்ன நடந்தது என்று முதலில் எழுதிப் பாருங்கள். எனக்கு இதைப் புரியவைத்தது நான் இரண்டு வருடம் மெனக்கெட்ட ஒரே ஒரு கொடிதான். அதனால் அதைப் பற்றியே விரிவாகச் சொல்கிறேன்.

நான் நாகர்கோவில்காரன். என் தாத்தா பிறந்தபோது எங்கள் ஊர் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. அவருடைய தகரப் பெட்டியில் சங்கு அச்சடித்த பழைய அஞ்சல் தலைகளும் சங்கு பொறித்த செப்புக் காசுகளும் கிடந்தன. 1750-இல் மார்த்தாண்ட வர்மா நாட்டையே பத்மநாபசுவாமிக்கு அர்ப்பணித்துவிட்டு, இனி அவருடைய தாசனாக ஆள்கிறேன் என்றார். அந்தப் பெருமாளின் சங்குதான் அரசின் சின்னம். கொடியும் அதுவேதான்: சிவப்புத் துணி, நடுவில் வெள்ளைச் சங்கு.

1947 ஜூனில் திவான் சி.பி. ராமசாமி ஐயர், பிரிட்டிஷார் போனதும் திருவிதாங்கூர் தனி நாடாக இருக்கும் என்று அறிவித்தார். ஜூலை 25 அன்று திருவனந்தபுரத்தில் அவரை ஒருவர் வெட்டினார். திவான் பிழைத்துக்கொண்டார். ஆனால் சில நாட்களுக்குள் மகாராஜா இந்தியாவோடு சேரச் சம்மதித்துவிட்டார். அந்த வெட்டு விழாமலே போய், திருவிதாங்கூர் தனி நாடாக நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இதுதான் என் கதை.

அதற்காக நான் வரைந்த முதல் கொடியில் மூன்று பட்டைகள் இருந்தன. மலைக்குப் பச்சை, மணலுக்கு மஞ்சள், கடலுக்கு நீலம். நடுவில் இரண்டு யானைகள் சங்குக்குக் காவல் நிற்கும். இன்றைய கேரள அரசு முத்திரையில் இருக்கும் யானைகளையும் சங்கையும் அப்படியே எடுத்து வைத்திருந்தேன். ஒவ்வொரு நிறத்துக்கும் அரைப் பக்கம் விளக்கம் வேறு. அதை என் தாய்மாமாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் தையல்காரர். தேர்தல் வந்தால் அவர் கடையில் கட்சிக் கொடிகள் மலையாகக் குவியும்.

"படம் நல்லாத்தான் இருக்கு மக்கா. இதுக்கு முன்னால அந்த நாட்டுக்கு என்ன கொடி?"

"சிவப்புல சங்கு, மாமா."

"அப்போ அந்தச் சிவப்புத் துணியெல்லாம் எங்க போச்சு?"

என்னிடம் பதில் இல்லை. அன்றைக்குத்தான் எனக்கு வேலையே தொடங்கியது.

மாமாவுக்கு அந்தக் கேள்வி ஏன் தோன்றியது என்று பிறகு யோசித்தேன். அவர் கடையில் கறுப்புத் துணித் தானும் சிவப்புத் துணித் தானும் எப்போதும் இருக்கும். எந்தக் கட்சி ஆர்டர் கொடுத்தாலும் அதே இரண்டு தான்களிலிருந்துதான் வெட்டுவார். திராவிடர் கழகக் கொடி கறுப்பு, நடுவில் சிவப்பு வட்டம். 1949-இல் பிரிந்த தி.மு.க. அதே இரண்டு நிறங்களை மேலே கறுப்பு, கீழே சிவப்பு என்று வைத்துக்கொண்டது. 1972-இல் பிரிந்த அ.தி.மு.க. அந்தக் கறுப்பு சிவப்பின் மேல் அண்ணாவின் உருவத்தைச் சேர்த்தது. ம.தி.மு.க. சிவப்பு, கறுப்பு, சிவப்பு என்று அடுக்கை மாற்றியது. நான்கு கொடிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், யாரிடமிருந்து யார் பிரிந்தார்கள் என்பது எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் விளங்கும். பிரிந்து போகிறவர் நிறத்தை விட்டுவிட்டுப் போவதில்லை. நாங்கள்தான் உண்மையான வாரிசு என்று சொல்ல அந்த நிறம் வேண்டும்.

நாடுகளிலும் இதே கதைதான். தென் அமெரிக்காவில் இருந்த பழைய கிரான் கொலம்பியா நாடு உடைந்து ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் ஆகிவிட்டன. கொலம்பியா, வெனிசுவேலா, எக்வடோர் மூன்றும் இன்றும் அதே மஞ்சள், நீலம், சிவப்பைத்தான் பறக்கவிடுகின்றன. மத்திய அமெரிக்கக் கூட்டாட்சியின் நீலம், வெள்ளை, நீலம் அதிலிருந்து பிரிந்த நாடுகளின் கொடிகளில் இன்னமும் இருக்கிறது. ஹோண்டுராஸ் 1866-இல் தன் கொடியில் ஐந்து நட்சத்திரங்களை வைத்தது. ஐந்து நாடுகளும் திரும்ப ஒன்றாகும் என்ற நம்பிக்கை அது. அந்த நம்பிக்கை நிறைவேறவில்லை, நட்சத்திரங்கள் மட்டும் அங்கேயே இருக்கின்றன. எனக்கு உலகக் கொடிகளிலேயே மிகவும் பிடித்தது அதுதான். உங்கள் கதையில் ஒரு பேரரசு உடைகிறதா? உடைந்த துண்டுகளின் கொடிகளை ஒரே மேசையில் வைத்து வரையுங்கள். தனித்தனியாக வரைந்தால் அவை உறவினர்களாகத் தெரியாது.

சரி, திருவிதாங்கூருக்கு வருகிறேன். இரண்டாவது தடவை பழைய கொடியையே வைத்துக்கொண்டேன். சிவப்பில் சங்கு. 1947-இல் அவசரமாகச் சுதந்திரம் அறிவிக்கும் அரசு புதுக் கொடி தேட உட்காராது, கையில் இருப்பதையே ஏற்றும். அதுவரை சரிதான். ஆனால் அந்தக் கொடியின் கீழே யார் யார் நிற்க வேண்டியிருந்தது? அங்கே கிறிஸ்தவர்கள் பெருமளவில் வாழ்ந்தார்கள், முஸ்லிம்களும் இருந்தார்கள். 1936 கோயில் நுழைவுப் பிரகடனம் வரும்வரை கோயிலுக்குள் விடப்படாத மக்கள் லட்சக்கணக்கில் இருந்தார்கள். பெருமாளின் சங்கு இவர்கள் எல்லோருக்கும் ஒரே பொருளைத் தராது. 1946 அக்டோபரில் புன்னப்புராவிலும் வயலாரிலும் திவானுக்கு எதிராக எழுந்த தொழிலாளர்கள் சுடப்பட்டார்கள். அவர்கள் பிடித்திருந்ததும் செங்கொடிதான்.

அங்கேதான் எனக்குப் பிடி கிடைத்தது. சிவப்பு அரண்மனைக்கும் வேண்டும், கயிற்றுத் தொழிலாளிக்கும் வேண்டும். அதில் சண்டை வராது. சண்டை முழுவதும் சங்கின் மேல்தான்.

என் கதையில் 1953-இல் மன்னராட்சி முடிகிறது. ஆலப்புழையில் கூட்டம் அரசு அலுவலகத்துக்குள் புகுந்து கொடியை இறக்கி, நடுவில் இருக்கும் சங்கை மட்டும் கத்தரித்து எறிகிறது. இது நானாகக் கற்பனை செய்ததல்ல. 1956-இல் ஹங்கேரியில் மக்கள் கொடியின் நடுவிலிருந்த அரசுச் சின்னத்தை வெட்டியெடுத்தார்கள். 1989 டிசம்பரில் ருமேனியாவிலும் அப்படியே. நடுவில் ஓட்டையோடு பறக்கும் அந்தக் கொடிகளின் புகைப்படங்களைத் தேடிப் பாருங்கள். புதுக் கொடி தைக்க நேரமில்லாதவர்கள் கத்தரிக்கோலால் செய்த கொடி அது. 1803-இல் ஹைட்டியில் விடுதலைப் படைத் தலைவர் தெசலீன் பிரெஞ்சுக் கொடியிலிருந்து வெள்ளையைக் கிழித்து எறிந்தார், மிச்சமிருந்த நீலத்தையும் சிவப்பையும் காத்தரீன் ஃப்ளோன் சேர்த்துத் தைத்தார் என்று அந்த நாட்டவர் சொல்லும் கதையும் இதே வகை.

ஓட்டை ஒரு சில மாதங்கள் பறக்கலாம். புதுக் குடியரசு அதை எதையாவது வைத்து மூடியாக வேண்டும். நான் சங்கு இருந்த இடத்தில் வெள்ளை வட்டம் வைத்தேன். அழகாக இருந்தது. வரைவைப் படித்த தோழி ஒருத்தி, 1953-இல் சிவப்பு நடுவில் வெள்ளை வட்டத்தைப் பார்க்கும் உலகத்துக்கு என்ன ஞாபகம் வரும் என்று கேட்டாள். ஹிட்லரின் கொடி அடித்தளம் அதுவேதான். போர் முடிந்து எட்டே வருடம். எந்த அரசும் அதை ஏற்றிக்கொண்டு ஐ.நா. வாசலில் போய் நிற்காது. ஒரு வடிவம் இன்று எப்படித் தெரிகிறது என்று பார்த்தால் போதாது, அது முதன்முதலில் ஏற்றப்படும் வருடத்தில் எப்படித் தெரியும் என்று பார்க்க வேண்டும்.

மறுபடியும் மாமாவிடம் போனேன். அவர் வட்டம் என்றதுமே தலையை ஆட்டினார். நடுவில் ஒட்டுப்போட்ட கொடி காற்றில் நிற்காது, ஒட்டின் ஓரத்தில்தான் முதலில் கிழியும் என்றார். ஓட்டை விழுந்த கொடியை அவரிடம் கொண்டுவந்தால், ஓட்டை இருக்கும் அகலத்துக்கு மேலிருந்து கீழ்வரை முழுதாக வெட்டியெடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு பட்டையை வைத்து இரண்டு பக்கமும் மடித்துத் தைப்பாராம். "அதுக்கும் மலிவான சிவப்பு வேண்டாம். முதல் மழைக்கே சாயம் வெள்ளையில ஏறிரும்" என்று சேர்த்துக்கொண்டார்.

அந்தப் பட்டைக்குக் கையருகே என்ன துணி இருந்திருக்கும்? முண்டு, அதாவது மலையாள வேட்டி. வெள்ளை, ஓரத்தில் கசவு என்கிற பொன்னிறச் சரிகை. திருவனந்தபுரத்துக்குப் பக்கத்தில் பலராமபுரத்தில் நெய்வது. அப்படி என் கொடி வந்து சேர்ந்தது: சிவப்பு, நடுவில் நெட்டுக்குத்தாக வெள்ளைப் பட்டை, பட்டையின் இரண்டு ஓரங்களிலும் மெல்லிய பொன் கோடு. ஒரு கோடுகூட நான் அழகுக்காகப் போட்டதில்லை. கத்தரிக்கோல், தையல், அன்றைக்குக் கிடைத்த துணி, இவை மூன்றும் போட்ட கோடுகள்.

பெரு நாட்டின் கொடி மாதிரி இருக்கிறதே என்பீர்கள். இருக்கட்டும். 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் ஹைட்டியும் லீக்டன்ஸ்டைனும் ஒரே கொடியோடு வந்து நின்றன. அடுத்த வருடம் லீக்டன்ஸ்டைன் தன் கொடியில் ஒரு கிரீடத்தைச் சேர்த்துக்கொண்டது. இந்தோனேசியாவும் மொனாக்கோவும் இன்றுவரை ஒன்றுபோலவே இருக்கின்றன. யாருடைய கொடியோடும் ஒத்துப்போகாத கொடி வேண்டும் என்று விலகி விலகிப் போனால், கடைசியில் கம்பெனி முத்திரை மாதிரி ஒன்றுதான் கிடைக்கும்.

விளக்கம் எழுதுவதைக் கடைசிக்கு வையுங்கள். நிஜத்திலும் அது பின்னால்தான் வருகிறது, மாறிக்கொண்டும் இருக்கிறது. நம் மூவர்ணக் கொடிக்கே 1921-இல் ஒவ்வொரு நிறமும் ஒரு சமயத்தாருக்கு என்று சொன்னார்கள். 1931-இல் காங்கிரஸ் நிறங்களுக்குச் சமயப் பொருள் கிடையாது என்று தீர்மானம் போட்டு, காவி தியாகத்துக்கு, வெள்ளை உண்மைக்கு என்று மாற்றியது. 1947-இல் ராட்டையின் இடத்தில் சக்கரம் வந்தது. என் கதையிலும் அந்தச் சிவப்பு வயலாரில் சிந்திய ரத்தம் என்று ஒரு பாடப்புத்தகம் சொல்லும். பழைய அரண்மனை விசுவாசிகள் அது திருவிதாங்கூருக்கு முந்தைய வேணாட்டு மன்னர்களின் சிவப்பு என்பார்கள். இரண்டையும் கதைக்குள் விட்டிருக்கிறேன், தீர்த்துவைக்கவில்லை.

வேறு காலத்தில் எழுதுகிறவர்களுக்குச் சில விஷயங்கள். சோழர் வீழாமல் இருந்தால் என்று நிறையப் பேர் எழுதுகிறார்கள், உடனே மூன்று பட்டைக் கொடி போட்டுவிடுகிறார்கள். அந்தப் பாணி ஐரோப்பாவில் டச்சுக்காரர்கள், பிரெஞ்சுக்காரர்கள் வழியாகப் பரவியது. சோழருடைய செப்பேட்டு முத்திரையைப் பாருங்கள். புலி, அதன் பக்கத்திலேயே பாண்டியரின் இணைக்கயல், சேரரின் வில். ஜெயித்தவன் தோற்றவனின் சின்னத்தை அழிக்காமல் தன் குடைக்கீழ் வைத்துக்கொள்கிறான். கற்பனைச் சோழக் கொடிக்கு இதைவிட நல்ல இலக்கணம் கிடைக்காது. கடாரத்தை வென்ற பிறகு அந்த வரிசையில் எந்தச் சின்னம் சேர்ந்திருக்கும் என்று யோசியுங்கள். அப்புறம், ஊதா. 1856-இல் செயற்கைச் சாயம் கண்டுபிடிக்கப்படும்வரை அது பெரும்பணக்காரர் துணி. அதற்கு முந்தைய காலத்தில் ஒரு படை முழுவதும் ஊதாக் கொடி பிடித்து வந்தால், அந்தச் சாயம் எங்கே கிடைத்தது என்றும் நீங்கள் சொல்ல வேண்டியிருக்கும்.

நிஜத்தில் தோற்றுப்போன கொடிகளையும் தேடிப் படியுங்கள். 1917 ஹோம் ரூல் கொடியில் சிவப்பும் பச்சையும் மாறி மாறி ஒன்பது பட்டைகள், ஏழு நட்சத்திரங்கள், மூலையில் பிரிட்டிஷ் கொடியான யூனியன் ஜாக். சாம்ராஜ்யத்துக்குள்ளேயே சுயாட்சி என்று கேட்டவர்களின் கொடி அது. ஒரே துணியில் கோரிக்கையும் இருக்கிறது, பயமும் இருக்கிறது. கனடாவில் 1964-இல் பிரதமர் பியர்சன் விரும்பியது இரண்டு பக்கமும் நீலப் பட்டை, நடுவில் மூன்று மேப்பிள் இலை. மாதக்கணக்கில் சண்டை போட்டு, 1965 பிப்ரவரி 15 அன்று ஏறியது இரண்டு பக்கமும் சிவப்புப் பட்டை, நடுவில் வெள்ளையின் மேல் ஒற்றைச் சிவப்பு இலை. இப்படி ஒதுக்கப்பட்ட வரைவுகள் ஒவ்வொன்றும் நடக்காமல் போன ஒரு வரலாறு. மாற்று வரலாறு எழுதுகிற நமக்கு அவை தயாராகவே கிடக்கின்றன.

என் கொடியில் ஒரு வேலை பாக்கி இருந்தது. எங்கள் பக்கத்துத் தமிழ்த் தாலுகாக்களான தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நிஜத்தில் 1956 நவம்பர் 1 அன்று சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. என் கதையில் அவை வேறொரு நாட்டுக்குள் மாட்டிக்கொள்கின்றன. குடியரசு அந்தத் தமிழர்களிடம், பலராமபுரத்து நெசவாளர்களின் முன்னோர்கள் உங்கள் பக்கத்திலிருந்து போனவர்கள்தானே, கொடியின் நடுவில் இருப்பது உங்கள் துணிதானே என்கிறது. அது உண்மையும்தான். 1953-இல் அவர்களும் எல்லோரோடும் சேர்ந்து சங்கை வெட்டியெடுத்தவர்கள். ஆனால் அவர்கள் கேட்டது இந்தக் குடியரசை அல்ல. ரொம்ப நாள் யோசித்து, அவர்களுக்கென்று நான் தனிக் கொடி எதுவும் வரையவில்லை. நாகர்கோவில் ஊர்வலங்களில் அந்தப் பழைய சிவப்புத் துணியையே பிடித்து வருகிறார்கள். நடுவில் வெட்டிய ஓட்டையை யாரும் தைக்கவில்லை.