செம்மரம் என்றொரு பட்டப்பெயர்

அன்புள்ள ஐயா,

அணைக்கட்டு வட்டத்தில் ஓர் அரசுப் பள்ளியில் சமூக அறிவியல் எடுக்கிறேன். போன வாரம் எட்டாம் வகுப்பில் கிழக்குத் தொடர்ச்சி மலை பற்றிய பாடம். ஆந்திராவில் செம்மரம் வளரும் சேஷாசலம் மலை என்று சொன்னதுமே ஒரு பையன், "மிஸ், அதை இவனைக் கேளுங்க. இவங்க ஊர்ல எல்லாருமே செம்மரம் வெட்றவங்கதான்" என்றான். வகுப்பே சிரித்தது. அவன் கைகாட்டிய மாணவன் ஜவ்வாது மலையிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிப்பவன். இரண்டு வருடமாக அவனுக்குப் பட்டப்பெயரே 'செம்மரம்' என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. பேசியவனை முன்னால் நிறுத்தி மன்னிப்புக் கேட்க வைத்தேன். மலை மக்கள் வெள்ளந்தியானவர்கள், சூதுவாது அறியாதவர்கள் என்று எல்லோருக்கும் எடுத்துச் சொன்னேன். மறுநாள் ஊருக்குப் போன அந்த மாணவன் இன்னும் திரும்பவில்லை. நான் எங்கே தவறினேன்?

பெயர் வெளியிட விரும்பாத ஓர் ஆசிரியை

அன்புள்ள டீச்சர்,

கண்டித்தது சரி. நீங்கள் பேசாமல் இருந்திருந்தால், டீச்சரும் சேர்ந்து சிரித்ததாகத்தான் பிள்ளைகள் எடுத்துக்கொண்டிருப்பார்கள். ஆனால் அந்த மன்னிப்பின்போது இன்னொரு முறை எல்லாக் கண்களும் அவன் மேல்தான் விழுந்திருக்கும். 'பரவால்லடா' என்று சொல்லும் வேலையும் அவன் தலையில் வந்து சேர்ந்திருக்கும். பட்ட காயத்தைக் காட்டவேண்டிய சாட்சியாக அவனை நிறுத்தாமல் இருந்திருக்கலாம்.

நான் குடியாத்தத்தில் ஆறாவது படித்தபோது என் பெஞ்சில் இருந்த ஒருவனுடைய அப்பா கரிகிரி மருத்துவமனையில் தொழுநோய்க்குச் சிகிச்சை பெற்றுக்கொண்டிருந்தார். அவனுக்கு நாங்கள் வைத்த பெயரை இங்கே எழுதக் கை வரவில்லை. அவன் தண்ணீர் குடித்த டம்ளரை யாரும் தொடமாட்டோம். நானும் பெஞ்ச் மாறி உட்கார்ந்தேன். சாருக்குத் தெரிந்து எங்களைப் பிரம்பால் அடித்தார். ஏன் தப்பு என்று சொல்லவில்லை. அந்தப் பெயர் வகுப்பறையை விட்டு மைதானத்துக்குப் போனது, அவ்வளவுதான்.

தொழுநோயில் விரல்கள் அழுகி உதிர்வதில்லை. நரம்பு மரத்து, சூடும் காயமும் உறைக்காமல் போவதால்தான் புண்ணாகித் தேய்கின்றன. பால் பிராண்ட் என்ற மருத்துவர் வேலூர் சி.எம்.சி.யில் இதைக் கண்டறிந்து, மடங்கிப்போன கைகளை அறுவை சிகிச்சையால் நிமிர்த்தத் தொடங்கியது 1940களின் கடைசியில். கரிகிரி மருத்துவமனை வந்தது 1955இல். எல்லாம் நான் பள்ளிக்குப் போவதற்கு முன்பே. ஒரு மணி நேர பஸ் தூரத்தில் இருந்த அந்த அறிவு எங்கள் வகுப்புக்குள் வரவே இல்லை. வந்திருந்தால் அந்தப் பெயர் எங்கள் வாயில் நின்றிருக்காது என்று இன்றும் நம்புகிறேன்.

'வெள்ளந்தி' என்ற சொல்லையும் கொஞ்சம் யோசியுங்கள். திருடர்கள் என்பதும் வெள்ளந்திகள் என்பதும் ஆளைப் பார்க்காமல் ஊரைப் பார்த்துச் சொல்வதுதான். நாளைக்கு அவன் வீட்டுப்பாடம் எழுதாமல் வந்து ஒரு பொய் சொன்னால், மற்ற பையன்கள் சொல்வதைப் போன்ற பொய்யாகவே அது இருக்கட்டும். மலையின் மானத்தைக் காக்கும் பாரம் பதின்மூன்று வயதுப் பையனுக்கு வேண்டாம்.

அந்தப் பாடத்தையே மறுபடி எடுங்கள், அவன் வருவதற்கு முன்பாக. செம்மரம் எங்கே வளர்கிறது, யார் வெட்டுகிறார்கள், யார் சுமக்கிறார்கள், யார் ஆள் பிடிக்கிறார்கள், யார் லாரி அனுப்புகிறார்கள், சீனா வரை யார் விற்கிறார்கள் என்று போர்டில் வரிசையாக எழுதச் சொல்லுங்கள். பிறகு ஒன்றே ஒன்று கேளுங்கள்: இதில் யாருக்கு நாம் பட்டப்பெயர் வைத்திருக்கிறோம்? கூலிக்கு வெட்டுகிறவனுக்கு மட்டும்தான். 2015 ஏப்ரல் 7ஆம் தேதி சேஷாசலம் காட்டில் ஆந்திரக் காவல்துறை சுட்டு 20 பேர் இறந்தார்கள். எல்லோரும் தமிழ்நாட்டுக் கூலிகள், ஜவ்வாது மலைக்காரர்களும் அதில் உண்டு. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இதைத் தாங்குவார்கள். சாமையும் புளியும் விளைகிற மலையிலிருந்து ஒருவர் ஏன் அந்தக் காட்டுக்குப் போகிறார் என்று அவர்களே கேட்பார்கள். கேட்கட்டும். (ஜவ்வாது மலையில் வாழ்கிறவர்கள் மலையாளிப் பழங்குடி என்றதும் கேரளாவா என்று ஒரு பிள்ளையாவது கேட்கும். காஞ்சிபுரத்திலிருந்து வந்தோம் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லும் கதை என்பதையும் சொல்லிவிடுங்கள்.)

சொன்ன பையனை மட்டும் தனியாகக் கூப்பிட்டு, "யார் சொல்லிக் கேட்ட? அந்த ஊருக்கு நீ போயிருக்கியா?" என்று கேளுங்கள். திட்டும் குரலில் வேண்டாம். டீக்கடையிலோ வீட்டுத் திண்ணையிலோ கேட்டதாகத்தான் இருக்கும்.

எனக்கு அவனைவிடச் சிரித்தவர்கள் மேல்தான் கவலை. நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவன் ஒருவனை உடன்படித்தவர்களே வீடு புகுந்து வெட்டிய சம்பவத்துக்குப் பிறகு ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு 2024இல் கொடுத்த அறிக்கை, மாணவர்கள் சாதியைக் காட்டக் கையில் கட்டும் வண்ணக் கயிறுகளைத் தடைசெய்யச் சொன்னது. தேவையான யோசனை. கயிறு கண்ணுக்குத் தெரியும், அவிழ்த்துவிடலாம். பட்டப்பெயர் சிரிப்பில் வாழ்கிறது. யாராவது அப்படிக் கூப்பிட்டால் பக்கத்தில் இருப்பவன் என்ன சொல்லலாம் என்று பிள்ளைகளையே யோசிக்க விடுங்கள். "அவனுக்குப் பேர் இல்லையா இன்னா?" என்ற ஒரு வரி போதும். அதைச் சும்மா எழுதிப்போடாமல் வாய்விட்டுச் சொல்லிப் பழகட்டும். நெருக்கடியில் பழகிய வார்த்தைதான் நாக்குக்கு வரும்.

இதற்கெல்லாம் முன்னால், அவன் வீட்டுக்குப் போய் வாருங்கள். விடுதிக் காப்பாளரிடம் ஊரைக் கேட்டுக்கொண்டு இந்தச் சனிக்கிழமையே. அங்கே செம்மரப் பேச்சை எடுக்காதீர்கள். அப்பா அங்கே இல்லையென்றால் எங்கே என்று கேட்காதீர்கள். "பாடம் எங்க நிக்குதுன்னு சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்" என்றால் போதும், அவனுக்குப் புரியும்.

என் பெஞ்சில் இருந்தவன் அரைப் பரீட்சைக்குப் பிறகு வரவே இல்லை. அவன் வீடு எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. சாரும் போகவில்லை, நானும் போகவில்லை.