ஜிலேபி பெருகிய ஏரியில் விரால் குறைவது ஏன்?

கேள்வி: சிறு வயதில் எங்கள் ஊர் மூக்கனேரியில் தூண்டில் போட்டால் விரால், கெளுத்தி, கெண்டைப்பொடி எல்லாம் கலந்து கிடைக்கும். இப்போது பெரும்பாலும் ஜிலேபிதான் சிக்குகிறது. மற்ற மீன்களை அது தின்றுவிடுகிறதா?
– வாசகர், கன்னங்குறிச்சி, சேலம்

பதில்: பிற மீன்களின் முட்டையையும் குஞ்சையும் ஜிலேபி தின்பது உண்மைதான். ஆனால் அதைவிடப் பெரிய கேடு, அவை முட்டையிடும் இடத்தையே அது பிடித்துக்கொள்வதில் இருக்கிறது. ஆப்பிரிக்காவைச் சேர்ந்த இந்த மீன் 1952-இல் உணவுக்காக இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. கோடையில் நீர் இறங்கியதும் கரையோரச் சேற்றில் தட்டுத் தட்டாகத் தெரியும் வட்டக் குழிகளைப் பார்த்திருப்பீர்கள். அவை ஆண் ஜிலேபி தோண்டிக் காவல் காத்த குழிகள். அங்கே இட்ட முட்டைகளைப் பெண் மீன் உடனே வாயில் அள்ளிக்கொண்டு, குஞ்சுகள் தாமாக நீந்தும்வரை சுமந்து திரிகிறது. அதனால் அவற்றில் பெரும்பகுதி பிழைத்துவிடுகிறது. ஆண்டுக்குப் பலமுறை இனப்பெருக்கமும் நடக்கிறது.

கெண்டைப்பொடிக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. அது ஒட்டும் தன்மையுள்ள முட்டைகளை நீர்ச்செடிகளில் இட்டுவிட்டுப் போய்விடும். வளர்ப்புக்காக வந்த சாதாக் கெண்டையோ அடிமண்ணைக் கிளறி அந்தச் செடிகளையே பெயர்த்துவிடுகிறது. கொசுவை ஒழிக்க விடப்பட்ட கம்பூசியா மீன், சிறியதாயினும், முட்டைகளையும் இளங்குஞ்சுகளையும் தின்கிறது.

விராலின் நிலை வேறு. கரையோரப் புல்லை விலக்கி ஓர் இடைவெளி செய்து, மிதக்கும் முட்டைகளை அதில் இட்டுப் பெற்றோர் காவல் காக்கின்றன. வளர்ந்த விரால் ஜிலேபிக் குஞ்சுகளை விரும்பித் தின்னும் என்பதால், ஜிலேபியை அடக்க நம் ஏரியிலேயே இருக்கும் மீன் அதுதான். வற்றும் குளத்தில் ஜிலேபி மடிந்துபோகும். காற்றைச் சுவாசிக்க வல்ல விரால் ஈரச் சேற்றில் தாக்குப்பிடிக்கும். ஆகவே கரையைப் புல் இல்லாமல் சுத்தமாக வழித்து, கல் பதிப்பதை நான் ஏற்கமாட்டேன். அழகுக்காகச் செய்யும் அந்த வேலை விராலின் கூட்டைப் பறிக்கிறது.

வீட்டுத் தொட்டியில் வளர்ந்துவிட்ட டேங்க் கிளீனர் மீனை ஏரியில் விடாதீர்கள். அது கரையைக் குடைந்து வளை தோண்டி முட்டையிடும். மழைக்காலத்தில் விராலின் செந்நிறக் குஞ்சுகள் கூட்டமாக நீர்மட்டத்தில் வந்து போவதைக் கண்டால், அவற்றின் கீழே தாயும் தந்தையும் நிற்கின்றன என்று அறிந்து, அங்கே தூண்டில் போடாமல் நகர்ந்துவிடுங்கள். காவல் போய்விட்டால் அந்தக் குஞ்சுகளைத் தின்றுதீர்க்க ஜிலேபிக்கு அதிக நேரம் ஆகாது.