மீன் கழிவைப் புதைப்பதைத் தவிர வேறு வழி உண்டா?

கொல்லங்கோடு பக்கம் சிறிய மீன் வெட்டுக்கூடம் நடத்துவதாகவும், தலை, குடல், செதிலைக் குழியில் போடுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து புதைக்காதீர்கள். புரதம், எண்ணெய், சுண்ணாம்புச் சத்து எல்லாம் அதில்தான் கிடக்கிறது.

உங்களுக்குப் பொருத்தமானது அமிலத்தில் பதப்படுத்தும் முறை. தேவையான ஃபார்மிக் ஆசிட் உங்கள் ஊரிலேயே கிடைக்கும். ரப்பர் பாலை உறைய வைக்கிறார்களே, அதேதான். கழிவு அழுகுவதற்கு முன், அன்றே நன்றாக அரைத்துவிடுங்கள். அரைத்த கூழ் 100 கிலோவுக்குச் சுமார் 3.5 கிலோ, 85 சதவீத அமிலம் கலக்க வேண்டும். பிளாஸ்டிக் டிரம்தான் வேண்டும், இரும்பை அரித்துவிடும். கையுறையும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் இல்லாமல் அமிலத்தைத் தொடவே கூடாது. பி.எச். (புளிப்பின் அளவு; எண் குறையக் குறைய அமிலத்தன்மை கூடும்) 4-க்குக் கீழே இறங்கினால் அழுகல் கிருமிகள் அடங்கிவிடும். ஆனால் குடலில் உள்ள நொதிகள் தொடர்ந்து வேலை செய்து புரதத்தைக் கரைக்கும். அதனால் குடலை ஒதுக்காதீர்கள், தினமும் கிளறுங்கள். நம் வெயிலுக்குச் சில நாட்களில் கூழ் நீர்த்துவிடும். சாளைக் கழிவு என்றால் மேலே எண்ணெய் மிதக்கும், வழித்து எடுக்கலாம். கீழே இருப்பதைத் தவிட்டில் கலந்து காயவைத்தால் பன்றி, வாத்துத் தீவனம். முட்டைக் கோழிக்குக் கொஞ்சமாகக் கொடுங்கள், இல்லாவிட்டால் முட்டையில் மீன் வாடை வரும்.

இறால் ஓட்டைத் தனியாக வையுங்கள். அதிலிருந்து கைட்டின் என்ற ஓட்டுப்பொருளை எடுக்கலாம், ஆனால் அது ஆலை வேலை. அப்புறம், கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் இவற்றிலெல்லாம் ஆராய்ச்சி செய்கிறது. அவர்களிடம் பயிற்சி பற்றி விசாரித்துப் பாருங்கள்.