வேன் எந்தத் தெருவுல நிக்குது? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி (மன்னார்குடி வாசகி): சார், எங்க கொழுந்தனார் குடும்பம் அமெரிக்காவுல இருக்காங்க. பாப்பாவுக்கு சார்ட்டர் ஸ்கூல்ல லாட்டரில சீட் விழுந்துச்சுன்னு போன்ல ஒரே சந்தோஷம். பீஸே கிடையாதாம், ஆனா நடத்துறது ஏதோ ட்ரஸ்டாம். அப்ப அது கவர்மெண்ட் ஸ்கூலா, பிரைவேட்டா? நம்ம எய்டட் ஸ்கூல் மாதிரியா?

பதில்: ரெண்டுலயும் கொஞ்சம் கொஞ்சம்மா. காசு கவர்மெண்டோடது, ஒரு பிள்ளைக்கு இவ்ளோன்னு கணக்குப் பண்ணி வரும், பீஸ் வாங்கக்கூடாது, இருக்கிற சீட்ட விட அப்ளிகேஷன் அதிகமா வந்தா குலுக்கல் போடணும். நடத்துறது தனி நிர்வாகம். சில வருஷத்துக்கு ஒரு ஒப்பந்தம் போட்டுக் குடுப்பாங்க, சொன்னபடி பிள்ளைங்க படிக்கலேன்னா ஒப்பந்தத்த ரத்து பண்ணி பள்ளிக்கூடத்த மூடிடலாம். மினசோட்டா மாநிலத்துல 1991-ல சட்டம் வந்து, அடுத்த வருஷம் செயின்ட் பால் ஊர்ல முதல் பள்ளி தொறந்தாங்க. இப்ப நாடு முழுக்க சுமார் 37 லட்சம் பிள்ளைங்க இதுல படிக்குது.

எய்டட் மாதிரின்னு மேலோட்டமா சொல்லலாம். ஆனா நம்ம எய்டட் வாத்தியாருக்கு சம்பளமும் சரி ரூல்ஸும் சரி கவர்மெண்ட்டோடது, சார்ட்டர்ல வாத்தியார வேலைக்கு வைக்கிறது, எடுக்கிறது, ஸ்கூல் டைம், பாடம் நடத்துற முறைன்னு நிறைய விஷயம் நிர்வாகத்து கையில. உங்க கொழுந்தனார்கிட்ட ஒண்ணு மட்டும் கேளுங்க, ஸ்கூல் பஸ் உண்டா, இல்ல தினம் நீங்களே கார்ல கொண்டுபோய் விடுறீங்களான்னு. ஏன் கேக்கச் சொல்றேன்னு கீழ படிச்சா தெரியும்.

கேள்வி (கும்பகோணம் வாசகர்): கருப்புப் பிள்ளை, வெள்ளைப் பிள்ளைன்னு பள்ளிக்கூடத்தப் பிரிக்கக்கூடாதுன்னு 1954-லயே அங்க சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சே. அப்புறம் சார்ட்டரால பிரிவினை கூடுதுன்னு ஏன் சண்டை? லாட்டரின்னா எல்லாருக்கும் சமம்தானே?

பதில்: குலுக்குற டப்பாவுக்குள்ள சீட்டு போட்டவங்களுக்குள்ள சமம், அவ்ளோதான். சீட்டு யாரு போட்டாங்கங்கிறதுதான் கேள்வியே.

நீங்க சொல்றது பிரவுன் வழக்கு, ஒன்பது ஜட்ஜும் ஒரே தீர்ப்பு. அதுக்கப்புறம் தெற்கு மாநிலங்கள் என்ன பண்ணுச்சுன்னு பாருங்க, அதுல ஒரு பாடமே இருக்கு. வர்ஜீனியாவுல பிரின்ஸ் எட்வர்ட்னு ஒரு கவுண்டி (நம்ம மாவட்டம் மாதிரி), சேத்து உக்கார வைக்கிறதுக்கு பதிலா 1959-ல கவர்மெண்ட் ஸ்கூல் அத்தனையும் இழுத்து மூடிட்டாங்க. வெள்ளைப் பிள்ளைங்களுக்கு தனியா பிரைவேட் ஸ்கூல், கருப்புப் பிள்ளைங்க பல பேர் வருஷக்கணக்குல வீட்ல, இல்லேன்னா வெளியூர்ல சொந்தக்காரங்க வீட்ல. கவர்மெண்ட் ஸ்கூல் மறுபடி தொறந்தது 1964-லதான். இது வெளிப்படையான அயோக்கியத்தனம், கண்டுபிடிச்சிடலாம்.

கண்ணுக்குத் தெரியாதது இன்னொண்ணு. அதே வர்ஜீனியாவுல நியூ கென்ட் கவுண்டி. ரெண்டே ஸ்கூல், ஒண்ணு கருப்பு ஒண்ணு வெள்ளை. "யாருக்கு எது வேணுமோ தேர்ந்தெடுத்துக்கோங்க, நாங்க யாரையும் தடுக்கல"ன்னு அறிவிச்சாங்க. கேக்க எவ்ளோ நியாயமா இருக்கு! மூணு வருஷத்துல ஒரு வெள்ளைப் பிள்ளை கூட கருப்பு ஸ்கூல தேர்ந்தெடுக்கல, கருப்புப் பிள்ளைங்கள்ல 85 சதவீதம் பழைய இடத்துலயே. சும்மா விருப்பத்துக்கு விட்டுட்டா கடமை முடிஞ்சுபோச்சான்னு 1968-ல சுப்ரீம் கோர்ட் கேட்டு, இந்த ஏற்பாடு செல்லாதுன்னுடுச்சு.

ஆனா 1974-ல டெட்ராய்ட் வழக்குல அதே கோர்ட் 5-க்கு 4-ன்னு வேற பக்கம் திரும்பிடுச்சு. ஊருக்கு வெளிய குடிபோன வெள்ளைக்காரங்களோட புறநகர் பள்ளிங்க, தாங்க தப்பு பண்ணதா நிரூபணம் ஆகாத வரைக்கும், கருப்பு, வெள்ளைப் பிள்ளைங்கள ஒண்ணாச் சேக்குற திட்டத்துல கலந்துக்க வேண்டாம்னு தீர்ப்பு. அங்க பள்ளிக்கூடத்துக்கு பெரும் பங்கு காசு உள்ளூர் வீட்டு வரியில இருந்து வருது, அதனால பணக்கார ஏரியா தலைமடை, ஏழை ஏரியா கடைமடை, நம்ம ஆளுங்களுக்கு இதுக்கு மேல விளக்கணுமா?

இந்த நிலத்துலதான் சார்ட்டர் மொளைச்சுது. பிரிவினைய அது கண்டுபிடிக்கல, ஏற்கெனவே இருந்துச்சு. ஆனா குறைக்கவும் இல்ல. பல நகரத்துல சார்ட்டர்ல கிட்டத்தட்ட முழுக்க கருப்பு, லத்தீன் அமெரிக்க வம்சாவளிப் பிள்ளைங்கதான், சில ஊர்ல நேர்மாறா வெள்ளைக் குடும்பம் கலப்பு ஸ்கூல்ல இருந்து நழுவுறதுக்கு அது வழியா இருக்கு. பல மாநிலத்துல சார்ட்டருக்கு பஸ் கட்டாயம் இல்ல, அப்ப கார் இல்லாத அம்மா சீட்டே போட மாட்டா.

கேள்வி (திருவாரூர், கல்லூரி மாணவி): அப்படின்னா கருப்பினப் பெற்றோரே ஏன் வெயிட்டிங் லிஸ்ட்ல நிக்கிறாங்க? அவங்களுக்குத் தெரியாததா உங்களுக்குத் தெரியும்?

பதில்: நல்லா கேட்டம்மா. எனக்கு ஒண்ணும் கூடத் தெரியாது. பக்கத்து கவர்மெண்ட் ஸ்கூல் பாழாப் போயிருந்தா எந்த அம்மாவும் கொள்கை பேசிட்டு உக்காந்திருக்க மாட்டா, இருக்கிறதுல நல்லத எடுப்பா. கறுப்பின உரிமைக்காக நூறு வருஷத்துக்கு மேல போராடுற என்.ஏ.ஏ.சி.பி. சங்கம் 2016-ல, புதுசா சார்ட்டர் தொறக்கிறத நிறுத்தி வைங்கன்னு தீர்மானம் போட்டுச்சு. உடனே கருப்பினப் பெற்றோர்லயே ஒரு கூட்டம், எங்க பிள்ளைக்கு கிடைச்ச கதவ ஏன் சாத்துறீங்கன்னு எதிர்த்துச்சு. ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு.

நியூ ஆர்லியன்ஸ பாரு. 2005 கத்ரினா புயலுக்கு அப்புறம் மாநில அரசு பெரும்பாலான பள்ளிகள எடுத்துகிட்டு படிப்படியா சார்ட்டராக்கிடுச்சு. மார்க் ஏறுச்சு, உண்மை, படிப்ப முடிக்கிற பிள்ளைங்களும் கூடுனாங்க. ஆனா புயலுக்குப் பிறகு 7,000-க்கும் மேல ஊழியருங்கள வேலைய விட்டு தூக்குனாங்க, வாத்தியாருங்கள்ல பெரும்பாலும் கருப்பினத்தவங்க, அந்த ஊரோட நடுத்தர வர்க்கமே அவங்கதான். கஜா புயல்ல எல்லாம் போய் நின்ன ஊருக்கு, புயல் முடிஞ்ச கையோட வேலையும் போனா எப்படி இருக்கும்னு சொல்லித் தெரிய வேண்டியதில்ல.

கேள்வி (வலங்கைமான் பக்கத்து கிராமம்): எங்க ஊராட்சி ஒன்றியப் பள்ளியில நான் படிச்சப்ப எல்லாத் தெரு பிள்ளைங்களும் இருந்தோம். இப்ப காலனித் தெரு பிள்ளைங்க மட்டும்தான். மத்ததெல்லாம் காலைல ஏழரைக்கு மெட்ரிக் வேன்ல ஏறிடுது. யாரும் யாரையும் தடுக்கல. ஆனா நீங்க சொல்ற அமெரிக்கா மாதிரியே இல்லையா?

பதில்: சட்டம் வேற, சரித்திரம் வேற, ஆனா நடக்குற விதம் நியூ கென்ட்தான் தம்பி. குடியானத் தெரு முக்குல வேன் நிக்கும், வாய்க்கால் பாலத்தத் தாண்டி காலனிக்குள்ள வராது, கேட்டா ரோடு சரியில்ல, வண்டி திரும்பாதும்பாங்க. அந்தப் பாலத்துக்கு அந்தப் பக்கம் நடவு வேலைக்குப் போற குடும்பம் ஜூன் மாசம் மேட்டூர் தண்ணி வருமா குறுவை உண்டான்னு பாத்துகிட்டு இருக்கப்பதான் முதல் டேர்ம் பீஸ் கேப்பாங்க. யாரும் "சாதி"ன்னு வாயத் தொறக்கல. இங்கிலீஷ் மீடியம், பீஸ், வேன், அதுவே பிரிச்சு வச்சிடுது. வேன்ல பிள்ளைய ஏத்துற அம்மாவ நான் திட்ட மாட்டேன், ஆனா இது அவரவர் தனிப்பட்ட விருப்பம், நமக்கென்னன்னு கவர்மெண்ட் ஒதுங்கிக்கிறத ஒத்துக்கவும் மாட்டேன்.

கேள்வி (வேதாரண்யம் வாசகர்): அதுக்குத்தானே ஆர்.டி.இ. (கல்வி உரிமைச் சட்டம்) 25 சதவீத இட ஒதுக்கீடு?

பதில்: பாதி மருந்து. 2009 சட்டம், எல்.கே.ஜி.யிலயோ ஒண்ணாம் வகுப்புலயோ பிரைவேட் ஸ்கூல் கால்வாசி இடத்த ஏழை, பின்தங்கின பிள்ளைங்களுக்கு ஒதுக்கணும், பீஸ அரசு குடுக்கும். சுப்ரீம் கோர்ட் 2012-ல செல்லும்னுச்சு, 2014-ல சிறுபான்மைப் பள்ளிகளுக்கு இது பொருந்தாதுன்னுடுச்சு. வேற வேற தெருப் பிள்ளைங்க ஒரே பெஞ்சுல உக்காருதுல்ல, அது பெரிய விஷயம், நான் ஆதரிக்கிறேன். ஆனா அதே சமயம், வருமானச் சான்றிதழ் வாங்கி இ-சேவை மையத்துல போய் அப்ளை பண்ற அளவுக்கு சூட்டிப்பான அப்பா அம்மா கவர்மெண்ட் ஸ்கூல விட்டுப் போயிடுறாங்க, அங்க குரல் குடுக்க இருந்த ஆளும் போச்சு. 2025-ல மத்திய அரசு பணம் வரலன்னு சேர்க்கையே மாசக்கணக்குல தள்ளிப்போச்சு, அதையும் நம்பி எத்தனை பேர் காத்திருக்கிறது.

கேள்வி (பட்டுக்கோட்டை வாசகர்): நாம அமெரிக்காவ பேசுறோம், நம்ம கவர்மெண்டே "ஆதிதிராவிடர் நலப் பள்ளி"ன்னு போர்டு வச்சிருக்கே?

பதில்: ஆமா. யாரும் சேத்துக்காத காலத்துல படிக்க வச்ச பள்ளிகள் அதெல்லாம், மரியாதையோடதான் பேசணும். ஆனா மத்த தெருக்காரங்க பிள்ளைய அங்க சேக்கத் தயங்குறாங்க, அதனால அது அப்படியே நின்னுடுச்சு. எல்லாத் துறைப் பள்ளிகளையும் பள்ளிக்கல்வித் துறைக்குக் கீழ கொண்டு வரோம்னு 2023 பட்ஜெட்ல அறிவிச்சாங்க, எதிர்ப்பும் கிளம்புச்சு, தங்களுக்குன்னு இருந்த ஆஸ்டல், நிதி எல்லாம் கரைஞ்சு போயிடும்னு பயம். நாங்குநேரியில பட்டியலின மாணவன கூடப் படிச்ச பசங்களே வெட்டுன சம்பவத்துக்குப் பிறகு போட்ட நீதிபதி சந்துரு குழு, பள்ளிப் பேருல சாதி இருக்கக்கூடாதுன்னு 2024-ல சொல்லுச்சு. பேர எடுங்க, நிதியத் தொடாதீங்க, என் கட்சி அது.

கேள்வி (பாபநாசம் வாசகி): எங்க ஊர் ஸ்கூல்ல பிள்ளைங்க கொறஞ்சுகிட்டே வருது, மூடிடுவாங்களோன்னு பயமா இருக்கு. என்ன பண்றது சார்?

பதில்: பள்ளி மேலாண்மைக் குழு கூட்டத்துக்குப் போங்கம்மா. சட்டப்படி அதுல முக்கால்வாசி பேர் பெற்றோரா இருக்கணும், பாதிப் பேர் பெண்களா இருக்கணும். காலை உணவுத் திட்டத்த 2023 ஆகஸ்ட்ல நம்ம திருக்குவளையிலதான் மாநிலம் முழுக்க விரிவாக்குனாங்க, உங்க ஸ்கூல்ல சாப்பாடு எப்படி இருக்குன்னு ஒரு நாள் போய் பாருங்க. அப்புறம் குடியானத் தெருவுல இருந்து ரெண்டு குடும்பத்த கூட்டத்துக்குக் கூட்டிகிட்டு வாங்க, பிள்ளைய சேக்கச் சொல்லிக் கூட கேக்க வேண்டாம், வந்து ஒரு மணி நேரம் உக்காந்துட்டுப் போகட்டும். இங்கிலீஷ் மீடியம் பிரிவு வேணும்னா தீர்மானம் போட்டு வட்டாரக் கல்வி அலுவலர்கிட்ட நேர்ல குடுங்க, மனுவோட நகல்ல சீல் வாங்காம வராதீங்க.